வெள்ளிக்கிழமை டாக்டருக்கு

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பொய் சொல்கிறார்கள். மேடை போட்டு, மைக் பிடித்து, சமோசாவும் டீயும் கொடுத்துச் சொல்கிறார்கள்.

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கு வழிகாட்டி நிகழ்ச்சி. பரீட்சை பயத்தைப் போக்குவது எப்படி என்று கொஞ்ச நேரம் பேசும்படி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த கோட்டுக்காரர் ஒருவர் பேசினார். வருங்காலத்தில் ஆள் தேவைப்படும் வேலைகள் அவருக்குப் பின்னால் திரையில் ஒவ்வொன்றாக வந்து போயின. நடுவில் ஒன்று: குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநல மருத்துவர். பக்கத்தில் பொம்மைக் கரடியோடு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்.

"இந்த டாக்டருங்க நம்ம நாட்டுல ரொம்பக் கம்மி. போகப்போக டிமாண்டோ டிமாண்ட். நீங்க படிச்சு முடிச்சா போதும், வேலை உங்களத் தேடி வரும்" என்றார்.

பின்வரிசையில் யூனிஃபார்மோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "சார், பெரம்பலூர்ல இந்த டாக்டர் இருக்காங்களா?"

"சென்னையில, பெங்களூர்ல நெறய பேர் இருக்காங்கம்மா."

"இங்க?"

"நீங்க படிச்சிட்டு வாங்க. நீங்கதான் ஃபர்ஸ்ட்." கைதட்டல்.

என் முறை வந்தபோது பரீட்சை பயத்தைப் பற்றி நான் பேசவில்லை. "இந்த ஊர்ல ஒருத்தி இருந்தா. வேலை அவளைத் தேடி வரல, அவதான் வேலையைத் தேடி இங்க வந்தா. இப்ப அவ இல்ல. அவ இடத்துக்கு யாரும் வரல. போஸ்டே இல்லாத ஊர்ல டிமாண்ட் இருந்து என்ன பண்ண?" என்றேன். நிகழ்ச்சி நடத்துபவர் சிரித்துக்கொண்டே வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கோட்டுக்காரர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

நீ இருந்திருந்தால் கீழே உட்கார்ந்து, வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். "கூப்பிட்ட எடத்துலல்லாம் சண்டை போட்டுட்டு வரியேடி, ஒன்னை யாரு மறுபடி கூப்பிடுவா?" என்றிருப்பாய். மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் குரலைத்தான் எதிர்பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்குள் சிநேகிதம் வந்ததே பஸ் லேட்டானதால்தான். நீ லப்பைக்குடிக்காட்டிலிருந்து, நான் ஆலத்தியூரிலிருந்து. பெரம்பலூர் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் சேரும்போது பிரேயர் முடிந்திருக்கும். லேட்டாக வருகிறவர்களைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்துவார்கள். பஸ் லேட்டானதற்குப் பிள்ளைகளை ஏன் நிறுத்துகிறார்கள் என்று நான் பொருமுவேன். நீ அந்த நேரத்தில் அன்றைய உயிரியல் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுப்பாய்.

என் அப்பா சுண்ணாம்புக்கல் குழியில் ஒப்பந்தக் கூலி. சாயங்காலம் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார், இருமுவார், சத்தம் போடுவார். ஒருநாள் அவரைப் பற்றி உன்னிடம் புலம்பினேன். நீ கேட்டாய்: "தெனம் வூட்டுக்கு வர்றாருல்ல?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போதுதான் நீ உன் அத்தாவைப் பற்றிச் சொன்னாய். சவூதியில் ஒரு கடையில் வேலை. வாரத்தில் அவருக்கு ஒருநாள்தான் விடுமுறை, அன்றுதான் போன் வரும். "எங்க அத்தா எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான்டி அத்தா. மத்த நாள்ல அவரு எங்க வூட்டுக்குப் பணம் அனுப்புற ஆளு." அழாமல் சொன்னாய். பஸ் நம்பரைச் சொல்வதுபோல்தான் சொன்னாய்.

பிறகு நீ டாக்டருக்குப் படித்தாய். அதற்குமேல் மனநல மருத்துவம், அதற்கும்மேல் பிள்ளைகளுக்கென்று தனியாக வெளிமாநிலத்தில் ஒரு படிப்பு. நான் உளவியல் படித்துவிட்டு, வருடா வருடம் நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில், பள்ளிகளுக்கும் போய்வரும் மனநல ஆலோசகராகச் சேர்ந்தேன். என் அப்பாவுக்கும் எனக்கும் அந்த ஒற்றுமை வந்துவிட்டது.

உன் படிப்பை உன் தெருக்காரர்களுக்குப் புரியவைக்கப் பட்ட பாடு! "கொழந்த டாக்டரா, பைத்திய டாக்டரா?" என்று உன் மாமி கேட்டார். "ரெண்டும்தான் மாமி" என்றாய். பெண் பார்க்க வந்தவர்களிடம் குழந்தை டாக்டர் என்று மட்டும் சொல்வதாக வீட்டில் முடிவாகியிருந்தது. நீயோ தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே முழுசாகச் சொல்லிவிட்டாய். அவர்கள் முறுக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனதை நீ நடித்துக் காட்டியபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

துபாயிலிருந்து ஒரு கிளினிக் உன்னைக் கூப்பிட்டது. உன் தெருவே அதை ஒரு கல்யாணம்போலக் கொண்டாடத் தயாராக இருந்தது. நீ ஒரே வரியில் முடித்தாய்: "அங்க அத்தாமாருல்ல இருக்காங்க. புள்ளைங்க இங்க கெடக்குது."

பெரம்பலூர்க்காரர்களும் பக்கத்து மாவட்டத்துக்காரர்களும் வந்து போகிற அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே உன்னைப் பெரியவர்களுக்கான மனநல மருத்துவராகத்தான் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கென்று பணியிடம் எதுவும் கிடையாது. நீயாக ஒருநாளைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினாய், வெள்ளிக்கிழமை காலையை. உடைந்த கட்டில்கள் போட்டுவைத்திருந்த அறையை நாம் இருவரும்தான் கழுவினோம். என் அப்பாவிடம் சொல்லிச் சுவருக்கு வெள்ளையடித்தோம். மூன்று நாற்காலிகளோடு சின்னதாக இன்னொரு நாற்காலியையும் எங்கிருந்தோ கொண்டுவந்தாய். அது செல்போனுக்கு.

அதைத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சொல்வேன். உன்னிடம் இருந்த படிப்பு வேறு சிலரிடமும் இருக்கிறது. ஆனால் சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் வேலை பார்க்கும் அப்பாவுக்கு எந்த நாள் விடுமுறை, எழுந்து துணி துவைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எந்த நேரம் அவர் சும்மா இருப்பார், அந்த நேரம் இங்கே என்ன மணி என்பதெல்லாம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்பாய். "அப்பாவுக்கும் ஒரு சீட்டு குடுங்க." நாற்காலியில் போனைச் சாய்த்து நிறுத்துவார்கள். கட்டிலில் உட்கார்ந்த மனிதர் திரையில் தெரிவார். பிள்ளை அவரைப் பார்க்கும். அதன் பிறகுதான் நீ பேச ஆரம்பிப்பாய்.

ஆண்டிமடம் பக்கத்துப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். அவளைப் பற்றி எழுதட்டுமா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "எழுது தாயி, யாராச்சும் படிக்கட்டும்" என்றார்.

அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தபோது டீச்சர் புகார் சொன்னார்: "கொழாயடியிலயே நிக்குது மேடம். மணி அடிச்சாலும் வகுப்புக்கு வர மாட்டேங்குது." கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மாதக்கணக்காக அது யார் கண்ணிலும் படாமல் இல்லை. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வீடுகள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். அதனால் புண்பட்ட கையோடு யார் வந்தாலும் அங்கே காரணம் கேட்க மாட்டார்கள். கொட்டை எண்ணெய் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் உன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் கை இப்படித்தான் டாக்டரம்மா" என்றார் அம்மா.

"நீ கொட்ட ஒடப்பியா பாப்பா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அம்மா முந்திக்கொண்டார். "அதத் தொடவே வுட மாட்டேன். படிக்கிற புள்ள. ஆனா மூட்ட வூட்டுக்குள்ளதான கெடக்கு, எங்கயாச்சும் பட்டுருக்கும்."

நீ இருவரையும் கைகளை மேசைமேல் வைக்கச் சொன்னாய்.

"அக்கா, ஒங்க கை என்ன நெறம்?"

"கறுப்புதான். ஒடச்சு ஒடச்சு கறுத்துப்போச்சு."

"பாப்பா கை?"

அம்மா பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெளுத்துக் கெடக்கு."

"கொட்ட எண்ணெ கறுக்க வைக்கும்க்கா. இது சோப்புல வெளுத்த கை."

"சோப்பா?" அந்த அம்மா வாயைப் பிளந்தார். "அடி பாவி! வாங்கி வைக்கிற சோப்பெல்லாம் எலி தூக்கிட்டுப் போவுதுன்னு நான் பொறி வச்சுக்கிட்டு இருந்தேனே!"

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நீ மட்டும் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாய். ஏன் கழுவுகிறாய் என்று நீ கேட்கவில்லை. அதை ஏற்கெனவே டீச்சர், அம்மா, நான் எல்லோரும் கேட்டிருந்தோம். "கழுவலன்னா என்ன ஆவும்?" என்று கேட்டாய்.

அவள் கைகளை மேசையிலிருந்து மடிக்கு இழுத்துக்கொண்டாள். நீ அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா மேலேர்ந்து வுழுந்துருவாரு."

அவளுடைய அப்பா கத்தாரில் கட்டட வேலை. உயரத்தில் சாரத்தின்மேல் நின்று செய்கிற வேலை. அதற்கு முந்தின வருடம் அவர்கள் தெருவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பக்கத்து வீட்டுக்காரர். விழுந்து செத்தவர். ஊரே அழுதது, சாப்பாடு போட்டது, மறந்தது. இந்தப் பிள்ளை மட்டும் கையைக் கழுவ ஆரம்பித்தது. கையில் அழுக்கு இருந்தால் அப்பா விழுந்துவிடுவார். சரியாகக் கழுவாவிட்டால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். அது முட்டாள்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தாலும் நிறுத்த முடியாது. அந்த நோயே அப்படித்தான் என்று நீ எனக்கு விளக்கினாய்.

சின்ன நாற்காலியில் போன் வந்து உட்கார்ந்தது. அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் பனியனோடு ஒரு மனிதர். பின்னால் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, அப்பா நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் அவர் தொடங்கினார்.

"அண்ணே, அத மட்டும் சொல்லாதீங்க" என்றாய் நீ.

அவர் திகைத்துப்போனார். நானும்தான். ஒரு அப்பா மகளுக்குச் சொல்லக்கூடிய நல்ல சொல் வேறு என்ன இருக்கிறது? நீ கேட்டாய்: "புள்ள ஒரு நாளைக்கு எத்தன தடவ கூப்புடுது?"

"கணக்கே இல்ல டாக்டரம்மா. அப்பா நல்லாருக்கியான்னு கேக்கும். ஆங், நல்லாருக்கேன்னா வச்சுரும். திரும்பக் கூப்புடும்."

"வேலையில இருக்கும்போதுமா?"

"எடுக்கலன்னா அழுவுமே. சாரத்துமேல நின்னுக்கிட்டே எடுத்துருக்கேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரும் பயந்த அந்த விபத்தை, அந்தப் பயமே நடத்தி வைக்கும் நிலையில் இருந்தது. நீ குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு தடவையும் நல்லாயிருக்கேன் என்று சொல்வது அந்த நோய்க்குத் தீனி போடுவது என்று, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் புரியும்வரை பொறுமையாகச் சொன்னாய். வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் நல்லாயிருக்கேன் என்று மட்டும் சொல்லக்கூடாது.

அதற்கு அடுத்த வாரங்களில் நடந்ததை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த, கொட்டை உடைக்கிற பலகையைத் தொட்டுவிட்டு, கழுவாமல் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரே போனில் அப்பா தன் வேலையைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஆறுதலாக எதுவும் சொல்லாமல், சும்மா கண்ணெதிரே இருக்க வேண்டும். அவர் வெங்காயம் அரிந்தார். சட்டைக்குப் பொத்தான் தைத்தார். அவள் அழுக்குக் கைகளை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருதடவை அவர் கண்ணைத் துடைத்தபோது அவரோடு அறையில் தங்கியிருந்த யாரோ, "என்னய்யா, வெங்காயமா?" என்று கேட்டார்கள். "ஆமாய்யா, வெங்காயம்தான்" என்றார். ஆனால் கையில் இருந்தது பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சட்டை. அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அன்றைக்குக் கழுவாமலேயே வீட்டுக்குப் போனாள்.

மாத்திரையும் கொடுத்தாய். பிள்ளையின் எடைக்கும் வயதுக்கும் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாய். நாங்கள் பேசிச் செய்கிற வேலை பாதி, மாத்திரை பாதி என்பதில் நீ உறுதியாக இருந்தாய். "பயத்தோட சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வுட்டாத்தான்டி, நீ சொல்றது அவளுக்குக் கேக்கும்" என்பாய். பத்தாம் வகுப்புப் பரீட்சையை அவள் எழுதினாள். சாக்பீஸ் தூசி படிந்த கையோடு ஒருநாள் நம் அறைக்கு வந்து, அந்தக் கையாலேயே உன் மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள். பெரிய பரிசு வாங்கியவள்போல நீ என்னைப் பார்த்தாய்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளிக்கிழமையைப் புதன்கிழமையாக மாற்ற உத்தரவு வந்தது. சிறப்புப் பிரிவுகள் எல்லாம் புதன்கிழமை நடந்தால் நிர்வாகத்துக்கு வசதியாம். நாம் போய்ப் பேசினோம். உத்தரவு போட்ட அதிகாரி உன் தலையிலிருந்த துப்பட்டாவைப் பார்த்தார். "ஒங்க தொழுகைக்காகல்லாம் ஆஸ்பத்திரி நாள வச்சுக்க முடியாதும்மா" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நீ என் முழங்கையை அழுத்தினாய். "சார், தொழுகைக்காகன்னா நான் வெள்ளிக்கிழமை லீவுல்ல கேட்டுருக்கணும்? வேலை கேட்டுல்ல வந்துருக்கேன்" என்றாய், சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. உத்தரவும் மாறவில்லை. நீ புதன்கிழமை பிள்ளைகளைப் பார்த்தாய், அது ஆஸ்பத்திரிக்கு. வெள்ளிக்கிழமை பெரியவர்களைப் பார்த்து முடித்த கையோடு, அப்பாக்கள் ஜும்மாவுக்குக் கிளம்புவதற்குள் ஓடிவந்து பிள்ளைகளையும் பார்த்தாய். சாப்பிட நேரம் இல்லாமல் போனது. நான் கத்தினேன். "அங்க ஒரு மனுசன் அரபிக்கிட்ட திட்டு வாங்கிட்டு இந்த ஒருநாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்டி" என்றாய். கோபப்படுவது எனக்குச் சுலபம். கோபம் வரவேண்டிய இடத்தில் வேலையை இரண்டு மடங்காக்கிக்கொள்ளும் ஒருத்தியை நான் உன்னிடத்தில்தான் பார்த்தேன். இன்றுவரை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

மழை மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வந்தபோது லப்பைக்குடிக்காட்டில் உன் தெரு முழுக்கச் செருப்புகள். உன் அத்தா ஊருக்கே திரும்பிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உன்னைச் சந்தூக்குப் பெட்டியில் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். என் பக்கத்தில் ஆண்டிமடத்து அம்மா நின்றார். வேறு மதத்து வீட்டில் எப்படி அழுவது என்று தெரியாமல், சத்தம் வராமல் அழுதார். உன் மாமி வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க எந்த ஊரு, என்ன ஒறவு?" "எம்புள்ளைக்கு டாக்டரு" என்றார்.

இப்போது வேறொரு ஊரிலிருந்து ஒரு மனநல மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். பெரியவர்களைப் பார்க்கிறார். கூட்டம் அவரை விழுங்குகிறது. சின்னப் பிள்ளைகள் விஷயம் தனக்குப் பழக்கமில்லை, திருச்சிக்குப் போங்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உன் அறையில் மறுபடி உடைந்த கட்டில்கள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிறேன். வெளிநாட்டு அப்பாக்கள் என் போனுக்கு வருகிறார்கள். பேசுகிறேன், கேட்கிறேன். ஆனால் மாத்திரை எழுத எனக்கு உரிமையில்லை, தெரியவும் தெரியாது. உன் பாதி காலியாகவே இருக்கிறது.

வருங்காலத்தில் தேவை கூடும் என்று கோட்டுக்காரர் சொன்னது சரிதான். இங்கே அந்த வருங்காலம் எப்போதோ வந்துவிட்டது. அப்பா இல்லாமல் வளரும் பிள்ளைகள், நீட் கோச்சிங்குக்கு அனுப்பிவிட்டு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைகள், கையைக் கிழித்துக்கொண்டு முழுக்கைச் சட்டை போட்டு வரும் பிள்ளைகள். இவர்களை நான் பள்ளிக்குப் பள்ளி பார்க்கிறேன். வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கிறார்கள். பேய் என்று கயிறு கட்டுகிறார்கள். திமிர் என்று அடிக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் யாரும் வேலைவாய்ப்புக் கணக்கில் வர மாட்டார்கள், ஏனென்றால் ஒரு பிள்ளை கஷ்டப்படுவதால் மட்டும் ஒரு பணியிடம் உருவாவதில்லை. சம்பளம் கொடுக்க யாராவது சம்மதித்தால்தான் அது வேலை. அதுவரை அது அந்தந்த வீட்டுத் தலையெழுத்து. படித்து முடித்தவர்கள் சம்பளம் இருக்கிற ஊருக்குப் போகிறார்கள். போகத்தான் செய்வார்கள். எல்லோரும் உன்னைப்போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அயோக்கியத்தனம். உன்னைப்போல் ஒருத்தி கிடைத்தால்தான் பிள்ளைகளுக்கு வைத்தியம் என்று ஒரு ஊரை விட்டுவைத்திருப்பது அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. ஒரு பிள்ளை எது செய்தாலும், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு அதுதான் கஷ்டம், உனக்குத் தெரியும். ஆனால் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு பிள்ளையை எங்கே அனுப்புவது என்று நீ சொல்லிக்கொடுக்கவில்லை. நீ இருக்கும்போது அது தேவைப்படவில்லை.

அந்த ஆண்டிமடத்துப் பெண் இப்போது பிளஸ் ஒன். போன மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. மாத்திரை தீர்ந்தது. திருச்சிக்கு ஒருதடவை போனார்கள். அந்த டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார், மறுபடி வரச் சொன்னார். மறுபடி கிளம்பிய அன்று ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸின் கம்பியைத் தொட மாட்டேன் என்று அவள் கீழேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பஸ்ஸாகப் போனது. அம்மா கெஞ்சினார், அடித்தார், பிறகு தானும் அழுதுகொண்டு அவளை வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். அவளால் போக முடிகிற தூரத்தில் டாக்டர் இல்லை. கை மறுபடி வெளுத்துவிட்டது. பகலெல்லாம் கத்தாருக்குப் போன் போகிறது. எடுக்க வேண்டாம் என்று நான் சொல்கிறேன். எடுக்காவிட்டால் அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறாள். அந்த மனிதர் மறுபடியும் சாரத்தின்மேல் நின்று போனை எடுக்கிறார்.

நேற்று நானும் அந்த அம்மாவும் ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனோம். முன்பு பார்த்தவர் இல்லை, புதியவர். மரியாதையாக உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகவும் சொன்னார். "அவங்க ஆர்வத்துல பண்ணாங்கம்மா. கொழந்தைங்களுக்குன்னு நம்மகிட்ட போஸ்ட்டே கெடையாது. காலியிடம் இருந்தா நெரப்பலாம். இல்லாத எடத்த எப்படி நெரப்புறது?"

நீ செத்ததால் அவர்கள் கணக்கில் எங்கேயும் எதுவும் காலியாகவில்லை. அது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"அப்ப போஸ்ட்ட உருவாக்குங்க சார்" என்றேன். "வாரத்துல ஒருநாள் போதும். புள்ளைங்களப் பாக்கத் தெரிஞ்ச ஒரு டாக்டரு. எப்ப வருவாங்கன்னு ஒரு தேதி சொல்லுங்க."

மேலே எழுதுவதாகச் சொன்னார். நீங்கள் ஒப்பந்தப் பணியாளர்தானே என்று என்னைக் கேட்டார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தினார். நான் எழுந்துவிட்டேன். அந்த அம்மா எழவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் ஆபீஸ்களிலும் நான் சொல்வதற்குத் தலையை மட்டும் ஆட்டிப் பழகியவர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர், நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். கதவைத் திறந்து உள்ளே வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"தேதி சொல்லுங்க சார்."